வான்கோழி வந்த வழி



மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் சிதம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் விடியற்காலத்தில் திருவெம்பாவை ஒலிக்கும். தில்லையில் ஆருத்திரா தரிசனத்திற்குக் கொடி ஏறும். அதே திங்களில் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கிறித்தவ மக்கள் இயேசுநாதர் பிறந்த நாளைக் கொண்டாட வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். இவ்விரு விழாக்களுக்கும் இடையில், கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மற்றொரு விழா நடப்பதுண்டு. அதன் தலைவர் என் பாட்டனார். அதன் பொருள் ஒரு வான்கோழி.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த வான்கோழியின் வரலாறு. வரலாறு என்றவுடன் முடிமன்னர்களும் போர்க்களங்களும் உங்கள் நினைவுக்கு வரும். அடுப்பில் ஏறும் ஒரு பறவைக்கும் வரலாறு உண்டோ என்று நீங்கள் ஐயுறலாம். உண்டு. அவ்வரலாறு மெக்சிக்கோ நாட்டில் தொடங்கி, முகலாயப் பேரரசரின் அரண்மனையில் நுழைந்து, ஔவையாரின் பெயரால் வழங்கும் ஒரு நீதி நூலையும் தொட்டு, எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நிற்கிறது.

கீரப்பாளையம் சிதம்பரத்திற்கு மேற்கே உள்ளது. நாற்புறமும் நெல்வயல் சூழ்ந்த ஊர். என் பாட்டனார் அங்கே பிறந்து, இளமையிலேயே பிழைப்பு நாடிக் கடலூருக்குச் சென்றார். ஓர் ஆங்கில அதிகாரியின் பங்களாவில் பாத்திரம் துலக்கும் பையனாகச் சேர்ந்தார். பிறகு காய் நறுக்குபவர் ஆனார். முடிவில் தலைமைச் சமையற்காரர் ஆனார். துரைமார் பலர் வந்தனர், பலர் சென்றனர். அடுப்படியில் அவர் மட்டும் முப்பது ஆண்டுகள் நிலைத்து நின்றார். 1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றதும் கடைசித் துரையும் கப்பலேறினார். பாட்டனார் ஒரு தகரப் பெட்டியையும், சேவலும் பெட்டையுமாக இரண்டு வான்கோழிகளையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் தெருவுக்கு அப்பறவைகள் பெரிய வேடிக்கையாயின. சிறுவர் சீழ்க்கை அடித்தால் சேவல் உடனே கழுத்தை நீட்டிக் கடகடவென்று பதில் கொடுக்கும். சினம் மிகுந்தால் அதன் தலையிலும் கழுத்திலும் தொங்கும் தசை சிவக்கும், நீலமாகும், வெளுக்கும். பெட்டையைக் கண்டால் வாலை விசிறி போல விரித்து, சிறகைத் தரையில் உரசிக்கொண்டு, மெல்ல மெல்லச் சுற்றி வரும். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் என்மேல் திரும்பியது. பள்ளியில் மூதுரை பாடம் நடந்தது. மயிலின் நடனத்தைப் பார்த்த வான்கோழி ஒன்று, தன்னையும் மயிலென்று எண்ணிக்கொண்டு ஆடப் புகுந்ததாம். கல்வி இல்லாதவன் கவி சொல்லப் புகுவது அதற்கு ஒப்பாகுமாம். இதுவே அச்செய்யுளின் கருத்து. ஆசிரியர் பொருள் கூறி முடித்ததும் வகுப்பிலிருந்த அத்தனை கண்களும் என்னை நோக்கின. 'வான்கோழிக்காரர் பேரன்' என்று ஒருவன் மெல்லச் சொன்னான். அன்று முதல் அதுவே எனக்குப் பெயராயிற்று. நான் செய்யுள் ஒப்பிக்க எழுந்தாலே பின்னிருக்கையிலிருந்து கடகடவென்று ஓர் ஒலி கேட்கும்.

மாலையில் அழுதுகொண்டே வீடு சேர்ந்தேன். பாட்டனார் கொல்லையில் குருணை இறைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அட பயலே, அது மயிலைப் பார்த்தா ஆடுகிறது? அதற்கு மயிலென்றால் என்னவென்றே தெரியாது. அது தன் ஊர் ஆட்டத்தை ஆடுகிறது. அதன் ஊர் எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிறதென்று துரை சொல்வார். நீ நன்றாகப் படித்து, எந்த ஊரென்று கண்டுபிடித்து எனக்குச் சொல்" என்றார்.

நண்பர்களே, நான் வரலாற்று மாணவன் ஆனதற்கு அச்சொல்லே காரணம். பாட்டனாருக்கு நான் பிற்காலத்தில் சொன்ன விடையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள காடுகளில் அது இன்றும் தானாகத் திரிகிறது. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதைப் பிடித்துப் பழக்கி வீட்டுப் பறவையாக்கினர். இறைச்சிக்கு மட்டுமன்றி, அதன் இறகுக்காகவும் அதைப் போற்றினர். 1519ஆம் ஆண்டில் கோர்த்தேஸ் என்ற ஸ்பானியத் தளபதி மெக்சிக்கோவில் இறங்கினான். இரண்டே ஆண்டுகளில் அஸ்டெக்கு மக்களின் பேரரசு வீழ்ந்தது. பொன்னையும் வெள்ளியையும் ஏற்றிச் சென்ற கப்பல்களில் வான்கோழியும் ஐரோப்பா சென்றது.

அக்காலத்து ஐரோப்பியச் செல்வர்கள் பெருவிருந்துகளில் மயிலையும் அன்னத்தையும் சமைத்துப் பரிமாறி வந்தனர். தோகையோடு மேசைமேல் வைத்தால் மயில் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதன் இறைச்சி கடினமானது; வறட்சி மிக்கது. புதிதாக வந்த பறவையோ உடல் பெருத்தது, சதை மென்மையானது, கோழியைப் போல வீட்டில் வளர்வது. ஒரு நூற்றாண்டுக்குள் அது மயிலை விருந்து மேசையிலிருந்து விரட்டிவிட்டது. ஆட்டத்தில் மயிலுக்குத் தோற்றதாக நாம் பாடும் பறவை, அடுப்படியில் மயிலை வென்றுவிட்டது!

இங்கிலாந்தில் அது கிறிஸ்துமஸ் விருந்தின் சிறப்புப் பண்டமாயிற்று. 1843ஆம் ஆண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கதையைப் படித்தவர்களுக்கு, மனம் திருந்திய கருமி ஸ்குரூஜ் தன் ஏழை எழுத்தரின் வீட்டுக்குப் பெரியதொரு வான்கோழி வாங்கி அனுப்பும் காட்சி நினைவிருக்கும். அமெரிக்காவில் 1863ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் நன்றி நவிலும் நாளைத் தேசியத் திருநாளாக அறிவித்தார். அத்திருநாளின் விருந்திலும் வான்கோழியே முதலிடம் பெற்றது.

இனி, அதன் பெயர்களைக் காண்போம். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அதன் பெயர் காட்டும் என்று நாம் நம்புகிறோம். வான்கோழியின் திறத்தில் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பொய் சொல்கிறது. ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றனர். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்கின்றனர். இந்தியப் பறவை என்பது பொருள். பிரெஞ்சுக்காரரும் 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளில் 'தேந்து' என்று பெயரிட்டனர். டச்சுக்காரர் நம் மலையாளக் கரையிலுள்ள கள்ளிக்கோட்டையோடு அதைத் தொடர்புபடுத்திக் 'கல்கூன்' என்றனர். அச்சொல்லே இலங்கை சென்று சிங்களத்தில் 'களுகுமா' ஆயிற்று. மலாய் நாட்டாரோ அதை 'டச்சுக் கோழி' என்கின்றனர். போர்ச்சுக்கீசியர் 'பெரு' என்றனர். தென்னமெரிக்கப் பெரு நாட்டுக்கும் இப்பறவைக்கும் உறவு இல்லை. அராபியர் 'ரோமானியச் சேவல்' என்றனர்.

இத்தனை குழப்பத்திற்கும் காரணம் யாது? 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தபோது இந்தியாவை அடைந்துவிட்டதாகவே எண்ணினார். அதனால் அங்கிருந்து வந்தவற்றுக்கெல்லாம் இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றியும், தொலைவிலிருந்து வரும் பொருளைப் பெறுபவர், அதைக் கொண்டுவந்து கொடுத்தவரின் ஊரையே அதன் ஊராகக் கொள்வது உலக வழக்கம்.

மற்றொரு புதுமையையும் கவனியுங்கள். ஸ்பானியர் இப்பறவையைக் கண்டவுடன் மயிலுக்குரிய 'பாவோ' என்ற பெயரையே இதற்குச் சூட்டினர். பிறகு மயிலை வேறுபடுத்திக் காட்ட 'அரச பாவோ' என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற இயற்கை நூலறிஞர் இதற்கு இலத்தீனில் இட்ட பெயரிலும் கோழியும் மயிலும் கூடி நிற்கின்றன. மயிலை நினையாமல் இப்பறவையைப் பார்க்க எவராலும் இயலவில்லை போலும்.

நம் நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது. 1612ஆம் ஆண்டில் பேரரசர் ஜஹாங்கீரின் அலுவலர் முகர்ரப் கான் கோவாவிலிருந்து சில அரிய விலங்குகளையும் பறவைகளையும் வாங்கி வந்தார். கோவா அப்போது போர்ச்சுக்கீசியர் வசம் இருந்தது. ஜஹாங்கீர் இயற்கையை நுணுகிப் பார்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். வந்தவற்றுள் ஒரு பறவையைப் பற்றித் தம் நினைவுக் குறிப்பில் தாமே விரிவாக எழுதியுள்ளார். அது பெண்மயிலைவிடப் பெரியது, ஆண்மயிலைவிடச் சிறியது; களிப்புற்ற வேளையில் மயிலைப்போலவே வாலை விரித்து ஆடுகிறது; அதன் தலையும் கழுத்தும் நொடிக்கு நொடி நிறம் மாறுகின்றன; அலகின்மேல் ஒரு தசை யானைத் துதிக்கை போலத் தொங்குகிறது. இவ்வாறு செல்கிறது அவர் வருணனை. சொல்லால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது சிறப்பு என்று கருதி, அவற்றை ஓவியமாகத் தீட்டவும் ஆணையிட்டார். மன்சூர் என்ற புகழ்பெற்ற அரண்மனை ஓவியர் வரைந்த வான்கோழியின் படம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எங்கள் கொல்லையில் நான் கண்ட அதே பறவை, நானூறு ஆண்டுகளாக நிறம் மங்காமல் அங்கே நிற்கிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் ஐரோப்பியரின் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள பரங்கிப்பேட்டையின் பெயரே அதற்குச் சான்று. பரங்கியர் என்று நம் முன்னோர் முதலில் அழைத்தது போர்ச்சுக்கீசியரை. அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். 1674ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிலைகொண்டனர். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கு உரியவை ஆயின. அதுவே புனித டேவிட் கோட்டை. 1746ஆம் ஆண்டில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றபின் சில ஆண்டுகள் தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் அது விளங்கியது. பிற்காலத்தில் வங்கத்தை வென்ற கிளைவு, 1756ஆம் ஆண்டில் அக்கோட்டையின் ஆளுநராக இருந்தான்.

இக்கப்பல்களின் வழியே அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள் பல நம் மண்ணில் வேரூன்றின. மிளகாய் வந்தது, பப்பாளி வந்தது, முந்திரி பிரேசில் நாட்டிலிருந்து வந்து பண்ணுருட்டிச் செம்மண்ணில் காடாக வளர்ந்தது. பரங்கிக்காய் தன்னைக் கொண்டுவந்தவரின் பெயரையே இன்றும் சுமக்கிறது. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பார்கள். கொச்சைச் சொல் என்று அதனைக் கேலி செய்வோர் உண்டு. உண்மையில் அது 'மணிலாக்கொட்டை' என்பதன் சிதைவு. தென்னமெரிக்காவில் தோன்றிய கடலை, பசிபிக் பெருங்கடலைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவின் மணிலா நகருக்குச் சென்று, அங்கிருந்து நம்மிடம் வந்த பயணத்தை எங்கள் உழவர் தம் நாவில் காத்து வைத்திருக்கின்றனர்.

வான்கோழியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும் தமிழர் அதற்கு வைத்த பெயரில் துருக்கியும் இல்லை, இந்தியாவும் இல்லை, பரங்கியும் இல்லை. 'வான்' என்ற சொல்லுக்குப் பெருமை, பெரியது என்ற பொருளும் உண்டு. எனவே வான்கோழி என்றால் பெருங்கோழி. 1886ஆம் ஆண்டில் யூல், பர்னெல் என்ற இருவர் இயற்றிய 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியத்திலும் இப்பொருளே கூறப்பட்டுள்ளது. அவ்விருவருள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஊரைத் தவறாகச் சொல்லாமல், கண்டதைக் கண்டவாறு சொன்ன பெயர் தமிழ்ப் பெயர்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். எழவில்லையாயின் எழுப்புவது என் கடமை. வான்கோழி 16ஆம் நூற்றாண்டுக்கு முன்பு இந்நாட்டில் இல்லை. மூதுரையைப் பாடிய ஔவையாரோ சோழர் காலத்தவர் என்பது மரபு. அப்படியாயின் அவர் எவ்வாறு வான்கோழியைக் கண்டிருக்க முடியும்?

இதற்கு இருவகையாக விடை கூறலாம். முற்காலத்தில் வான்கோழி என்ற சொல் நம் நாட்டுப் பெரும்பறவை ஒன்றைக் குறித்தது. புதிய பறவை வந்ததும் பழைய பெயரை அது பெற்றுக்கொண்டது என்பது ஒரு விடை. சொற்கள் இவ்வாறு இடம் மாறுவதுண்டு. ஸ்பானியர் மயிலின் பெயரைத் தூக்கி வான்கோழிக்குக் கொடுத்ததைச் சற்றுமுன் கண்டோம். அச்செய்யுளோ, அல்லது அந்நூலோ, நாம் எண்ணுவதைவிடப் பிற்காலத்தது என்பது மற்றொரு விடை. மயிலைப்போல விரித்தாடும் இயல்பும், ஆனால் மயிலின் அழகு இல்லாமையும் இப்பறவைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஜஹாங்கீர் கண்ணால் கண்டு எழுதியதும் அதுவே. ஆதலின் அச்செய்யுளை யாத்தவர் இப்பறவையைக் கண்டவரே என்று கருதும் பக்கமே நான் சாய்கிறேன். நீங்கள் மறுபக்கம் சாயலாம். ஆனால் சான்று காட்டிச் சாயுங்கள். ஒரு நூலில் மிளகாயோ புகையிலையோ வருமாயின் அதன் காலத்தைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

எவ்விடை சரியாயினும், என் பாட்டனார் சொன்னது பொய்யாகவில்லை. வான்கோழி மயிலே இல்லாத நாட்டில் பிறந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் மயிலைக் காணாமலே ஆடியது. அது போலியாட்டம் அன்று.

இனி அடுப்படிக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டில் கிறிஸ்துமஸ் விருந்தைச் சமைத்தவர் யார்? துரையின் மனைவியார் ஆணையிட்டார், சமைத்தவர் தமிழர். 1878ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. கென்னி-ஹெர்பர்ட் என்ற இராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதியது அது. சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களுக்கு அது கைந்நூலாக விளங்கியது. கல்லூரியில் பயின்றபோது அந்நூலை நான் ஆவலோடு புரட்டினேன். அதில் சமையற்காரர் அடிக்கடி வருகிறார். சில இடங்களில் பாராட்டவும் படுகிறார். ஆனால் எல்லாச் சமையற்காரருக்கும் அங்கே ஒரே பெயர்தான்: இராமசாமி.

அப்பெயரைக் கண்டதும் எனக்குப் பாட்டனாரின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. துரைமார் ஊரைவிட்டுச் செல்லும்போது வேலையாட்களுக்கு நற்சான்றுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பாட்டனாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆயினும் அவற்றைப் பட்டுத் துணியில் சுற்றிப் பாதுகாத்தார். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவற்றை எடுத்துப் படித்தேன். இவருடைய வான்கோழிக்கு ஈடு இல்லை என்று இரண்டு சீட்டுகளில் எழுதியிருந்தது. சீட்டுகளுக்கு உரியவர் பெயர் எல்லாவற்றிலும் இராமசாமி என்றே இருந்தது. என் பாட்டனார் பெயர் அதுவன்று.

"அவர்கள் வாயில் நுழைந்தது அதுதான்; விட்டுவிடு" என்று பாட்டனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய வான்கோழிக்கு ஈடு இல்லாமைக்குக் காரணம் ஒன்றே: அது வறண்டு போகாது. வான்கோழியை முழுதாக வாட்டிச் சமைப்பது எளிய செயலன்று. அப்பறவை பெரும்பாலும் நடந்தே வாழ்வது. ஆதலால் அதன் காலில் நரம்பும் சவ்வும் மிகுதி. அவை இளக நெடுநேரம் சூடு வேண்டும். மார்புச் சதையோ கொழுப்பில்லாதது, விரைவில் வெந்துவிடும். கால் வேகும் வரை காத்திருந்தால் மார்பு வைக்கோல் ஆகும். மார்பு வெந்தவுடன் இறக்கினால் கால் வேகாது. இச்சிக்கலை அவர் எவ்வாறு தீர்த்தார் என்பதைக் கேளுங்கள்.

விருந்துக்கு முதல்நாள் இரவு, ஆறு படி நீரில் ஆறு கைப்பிடி உப்பைக் கரைத்து, மிளகும் பட்டையும் நசுக்கிய பூண்டும் இட்டு, துப்புரவு செய்த பறவையை அதில் மூழ்க வைப்பார். உப்பு நீர் சதைக்குள் இறங்கித் தசை நார்களின் பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த நார்கள் சூடேறும்போது நீரை எளிதில் வெளியே விடுவதில்லை. இக்காரணத்தை இன்றைய அறிவியல் விளக்குகிறது. பாட்டனாருக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரியும். அக்காலத்தில் மார்கழிக் குளிரை நம்பி மண்பானையில் வைத்தார். இன்று செய்வோர் குளிர்பெட்டியில்தான் வைத்தல் வேண்டும்.

மறுநாள் காலை ஈரத்தை நன்கு துடைத்து, தோலுக்கும் சதைக்கும் இடையில் விரலை நுழைத்து வெண்ணெய் பூசுவார். ஐரோப்பாவில் வயிற்றினுள் செஸ்ட்நட் என்ற கொட்டையை அடைப்பார்கள். அது இங்கே ஏது? பாட்டனார் பண்ணுருட்டி முந்திரியை ரொட்டித் தூளோடும் வதக்கிய வெங்காயத்தோடும் கலந்து வைப்பார். அமெரிக்கப் பறவையின் வயிற்றில் அமெரிக்கக் கொட்டை! இரண்டும் அமெரிக்க மண்ணில் பிறந்து, கடலூர் அடுப்பில் சந்தித்துக்கொண்டன என்பதை அவர் அறியார்.

பங்களாவில் இரும்பு அடுப்புப் பெட்டி இருந்தது. கீரப்பாளையத்தில் அது இல்லை. ஆகவே ஒரு பெரிய தேக்சாவில் சிறிது நீர் ஊற்றி, மூங்கில் குச்சிகளைக் குறுக்கே பரப்பி, பறவையை மார்பு கீழாகக் கவிழ்த்து வைப்பார். மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவால் அடைத்து, கீழே மெல்லிய தணலும், மூடியின்மேல் சிறிது தணலும் இடுவார். மார்பு கீழே இருப்பதால் முதுகின் கொழுப்பு உருகி அதன்மேல் வழியும். ஆவி வெளியேறாததால் வறட்சி அணுகாது. இரண்டரை மணி கழித்து மூடியைத் திறந்து, பறவையை நிமிர்த்தி, கீழே தேங்கிய சாற்றை மேலே ஊற்றுவார். பிறகு கீழ்த் தணலைக் குறைத்து, மேல் தணலை மிகுதியாக்கி அரைமணி வைத்தால் தோல் பொன்னிறம் ஆகும். தொடையின் கனத்த இடத்தில் ஊசியால் குத்தி, தெளிந்த நீர் வருகிறதா என்று பார்ப்பார். சதையின் உட்பகுதி 74 பாகை செல்சியஸ் எய்தினால் உண்ணத்தக்கது என்று இன்று வெப்பமானியால் அளக்கிறார்கள். அவருடைய அளவுகோல் அந்த ஊசி.

இவற்றுக்கெல்லாம் பின்னே ஒரு பொறுமை உண்டு. இறக்கிய பறவையைத் துணியால் மூடி அரைமணி நேரம் தொடவிடமாட்டார். "சூட்டோடு கத்தி வைத்தால் சாறு தட்டுக்குப் போகும், பொறுத்தால் கறியிலேயே தங்கும்" என்பார். பசித்த பிள்ளைகளுக்கு அந்த அரைமணி ஒரு யுகம்.

1948ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இவ்வாறு சமைத்தார். எங்கள் தெருக்கோடியில் ஒரு கிறித்தவக் குடும்பம் இருந்தது. அவர்களுக்காகவும் எங்களுக்காகவும் சேர்த்தே எங்கள் கொல்லையில் விருந்து நடந்தது. எனக்குப் பட்டப்பெயர் சூட்டிய தோழனையும் அழைத்து வரச் சொன்னார் பாட்டனார். அவன் வெட்கத்தோடு வந்தான். மும்முறை கேட்டு வாங்கி உண்டான். மறுநாள் முதல் வகுப்பில் கடகட ஒலி கேட்கவில்லை.

ஆனால் அந்நாளில் என் நெஞ்சில் பதிந்தது வேறொன்று. எல்லாருக்கும் பரிமாறிய பின் என் பாட்டியார் பாட்டனாரையும் இலைமுன் உட்கார வைத்து, மார்புக் கறியில் ஒரு துண்டை எடுத்து இட்டார். அவர் அதை உடனே உண்ணவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் முப்பது கிறிஸ்துமஸ்களுக்கு அதைச் சமைத்தவர், கழுத்தையும் எலும்பையும் அன்றி வேறொன்றையும் அதுவரை சுவைத்ததில்லை. மேசைக்குச் சென்றதில் மிஞ்சியது வேறு எங்கோ போயிற்று. வாயில் இட்டு மென்றார். "நன்றாகத்தான் செய்திருக்கிறேன்" என்றார். அவ்வளவே.

இன்று வான்கோழி தமிழ்நாட்டில் அரிய பறவை அன்று. 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், நம் நாட்டுக் கருநிற வான்கோழியோடு அமெரிக்க வெண்ணிற இனத்தைக் கலந்து 'நந்தனம் வான்கோழி' என்ற வகையை உருவாக்கியுள்ளனர். சிற்றூர் உழவர் பலர் அதை வளர்க்கின்றனர். உணவு விடுதிகளில் வான்கோழிப் பிரியாணி கிடைக்கிறது. வந்தேறிய பறவை வீட்டுப் பறவை ஆகிவிட்டது. நாளை இதையும் நம் தொன்மைப் பறவை என்று எவரேனும் மேடையில் முழங்கினால், நீங்கள் எழுந்து மெக்சிக்கோவின் பெயரைச் சொல்லுங்கள்.

நண்பர்களே, ஒரு பறவைக்கு உலகம் பத்துத் தவறான பெயர்களைச் சூட்டியது. அதைச் சமைத்த மனிதர்களுக்கோ ஒரே தவறான பெயரைச் சூட்டியது. முதல் தவற்றைத் திருத்த அகராதிகள் உள்ளன. இரண்டாவது தவற்றைத் திருத்துவது அந்தந்த வீட்டாரின் கடமை. உங்கள் வீட்டு மூத்தோரிடம் அவர்கள் செய்த தொழிலையும், அதன் நுட்பத்தையும், அதைக் கற்பித்தவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.

நம் நாட்டில் மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதே பேரன் என மருவியது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். எங்கள் வீட்டிலும் அவ்வழக்கம் உண்டு. இவ்வுரை தொடங்கும்போது வானொலி நிலையத்தார் ஒரு பெயரை அறிவித்தார்கள். அது என் பெயர் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். எனக்கு முன்பே அது கீரப்பாளையத்துச் சமையற்காரர் ஒருவருக்குச் சொந்தமானது.